மோர்வித் ஆடுகளை விற்ற வருஷம்

மோர்வித்துக்குக் கறுப்பாக எது பறந்தாலும் காக்காய்தான். பிறந்த ஆட்டுக்குட்டியின் கண்ணைக் கொத்துகிற ஜாதி. அவள் புருஷன் இத்தெல் அப்படியில்லை. வேல்ஸின் மேற்குக் கரையில் அவர்கள் நிலம் செங்குத்தாகக் கடலில் இறங்கும் இடத்தில், பாறைக்குகைக்குள் கூடு கட்டியிருந்த ஒரு பறவை ஜோடிமேல் அவன் உயிரையே வைத்திருந்தான்.

"காலப் பாருடி, செக்கச் செவேல்னு இருக்கா? மூக்கும் அப்படித்தான், வளைஞ்சு. பக்கத்துல பிடரி வெளுத்து நிக்கிறது வேற ஜாதி. இதுங்க செங்கால் காக்கா. கண்ணெல்லாம் கொத்தாது."

"என்னைய ஒரு நாளாச்சும் இப்படி நின்னு பாத்திருக்கியாய்யா?"

அடுத்த நிலம் எங்களுடையது. வேலிக்கு இந்தப்பக்கம் எனக்குச் சிரிப்பு வரும்.

ஒரு மே மாதம், குஞ்சு பொரித்துவிட்டதா என்று எட்டிப் பார்க்கப் போனான் இத்தெல். முதல் நாள் நல்ல மழை. விளிம்பில் மண் புல்லோடு பெயர்ந்து போனது. மீட்புப் படகுக்காரர்கள் சாயங்காலம்தான் அவனைக் கொண்டுவந்தார்கள்.

அடக்கத்தன்று மோர்வித் அழவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு மேலே அந்த ஜோடி 'ச்சியாவ்' என்று கத்தியபடி குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு போனது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

இலையுதிர் காலத்தில் ஆடுகளை ஒன்று விடாமல் விற்றாள். தனியாள், முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"என் ஆட்ட இங்க மேயவிடுறேன். நீ ஒண்ணும் பாக்க வேணாம்."

"வேணாம் நெஸ்ட்டா. ஆடு மேஞ்சாத்தான் புல்லு கட்டையா இருக்கும். கட்டையா இருந்தாத்தான் அதுங்க மூக்கு மண்ணுல இறங்கும். மண்ணுல புழு, புழுக்கையில வண்டு. அந்த மனுஷன் வாழ்நாள் பூரா என் காதுல ஓதுனது இதத்தான். வளரட்டும் புல்லு. பட்டினி கெடக்கட்டும்."

"அதுங்க என்னடி பண்ணுச்சு?"

"இங்க இருந்துச்சு. அது போதாதா?"

நான் என் நிலத்துக்குத் திரும்பினேன்.

புல் முழங்கால் உயரம் வந்தது. அதன்மேல் பெரணிச் செடி படர்ந்தது. அந்த ஜோடி ஆள் நடக்கும் ஒற்றையடிப் பாதையில் மட்டும் இரை தேடியது. அங்கேதான் மண் தெரிந்தது. அடுத்த கோடையில் குஞ்சு எதுவும் வெளியே வரவில்லை. அதற்கடுத்த வசந்தத்தில் குகை காலி.

அன்று அவளே என் சமையலறைக்கு வந்தாள். தேநீரைத் தொடவில்லை.

"அதுங்க போயிருச்சுங்க."

"நீ நெனச்சதுதானே?"

"ஆமா. இத்தெல் பேச்ச எடுக்குறதுக்கு இருந்தது அதுங்க மட்டுந்தான்டி. கத்துறப்பல்லாம் அவன வைவேன். இப்ப வையவும் ஆளில்ல."

மறுநாள் தன் நிலத்துக் கதவை அவளே திறந்துவிட்டாள். என் ஆடுகள் உள்ளே போயின. பெரணியை நாங்கள் இருவரும் வெட்டினோம். புல் கட்டையாவதற்கு இரண்டு வருஷம் பிடித்தது. தெற்கே அடுத்த முனையில் நாலைந்து செங்கால் காகங்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். இந்தப் பக்கம் ஒன்றுகூட வந்ததில்லை. அவள் மட்டும் தினமும் காலையில் அந்த விளிம்புக்குப் போய், காற்றில் கண்ணீர் வழிய நின்றுவிட்டு வருகிறாள்.

போன வாரம் குளிர் இறங்கியது. ஆடுகளைக் கீழே என் வீட்டுப் பக்கம் ஓட்டிப்போக நாயோடு போனேன். கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்தக் குளிருக்கும் இங்கயே கெடக்கட்டும் நெஸ்ட்டா. புல்லு ஏறிரக் கூடாது. வைக்கோல் நான் சொமக்குறேன்."

நாயைக் கூப்பிட்டுக்கொண்டு திரும்பினேன்.