ஓடிபி கேட்ட மகள்

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் லூசிக்கு, மகள் நலமாக இருப்பதைத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழி டிவிதான்.

மகள் ரெனிஷா ஆஸ்திரேலியாவில் பார்த்த நல்ல வேலையை விட்டுவிட்டு, கணவனோடு கேரவன் வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே தூங்கி, ஊர் ஊராகச் சுற்றுகிறாள். “வாசக்கதவு உள்ள ஒரு வீட்டுக்குப் போனப்புறம் எனக்குப் போன் பண்ணு,” என்று அப்பா சிலுவைமுத்து சொன்னார். அதோடு அவள் போனையே நிறுத்திவிட்டாள். அம்மா பக்கத்தில் சும்மா நின்றாளே என்று அவள்மேலும் கோபம். ஐந்து மாதம் ஆயிற்று.

ஆனால் சீரியல் பார்க்கும் ஆப் லூசியின் நம்பரில்தான் இருந்தது. வண்டியிலும் ரெனிஷா அதில்தான் பார்த்தாள். டியூட்டிக்குக் கிளம்புமுன் லூசி தினமும் டிவியில் அந்த ஆப்பைத் திறப்பாள். நேற்று பதினான்காம் எபிசோடில் நின்றது இன்று பதினைந்துக்குப் போயிருந்தால், பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். இப்போது பத்து நாளாகப் பதினாறிலேயே நின்றது. லூசிக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓர் ஓடிபி வந்தது. புது இடத்திலிருந்து ஆப்பைத் திறக்க அந்த ஆறு எண்ணும் வேண்டுமாம், பதினைந்து நிமிடத்துக்குள். பின்னாலேயே ரெனிஷா அழைத்தாள். லூசி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மா, ஓடிபி வந்துச்சா?”

“வந்துச்சு. பத்து நாளா எங்கட்டி இருந்த?”

“வண்டி ரிப்பேரு. சிக்னலே இல்லாத காடு. நம்பரைச் சொல்லும்மா, டயம் முடிஞ்சிரும்.”

“முடியட்டும். சாப்ட்டியா?”

கட்டிலில் இருந்த சிலுவைமுத்து, “ஓடிபிய யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு பேங்க்ல படிச்சுப் படிச்சுச் சொல்லுதான்,” என்றார், மகளுக்குக் கேட்கும்படி.

“நான் வைக்கேம்மா.”

லூசி பதறிப்போய் எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஐந்து ஆயிற்று. மிச்சம் ஒன்றையும் சொல்லிவிட்டால் மகள் வைத்துவிடுவாள். போனைக் கணவர் கையில் திணித்தாள்.

“கடைசி நம்பர் எனக்குத் தெரியல. நீங்க பாத்துச் சொல்லுங்க.”

அவர் போனைத் தள்ளிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினார். தொண்டையைச் செருமினார்.

“ஏழு.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஆனால் அழைப்பு துண்டிக்கப்படவில்லை.

“ஏழு,” என்றார் மறுபடியும். “கேக்குதாட்டி?”