நாற்பது மோட்டாரும் தம்பியின் பில்லும்

மோட்டார் அக்கா என்றால் அந்தக் கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். கணவர் போனபிறகு பம்ப்செட் கடையைப் பதினோரு வருஷமாகத் தனியாளாக நடத்தி வந்தார்.

அந்த வருஷம் பழைய விற்பனை வரி போய்ப் புது வரி வந்தது. விற்காமல் கிடக்கும் சரக்குக்கு ஏற்கெனவே கொடுத்த வரியைப் புது வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் பில்லோடு விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் போனது போனதுதான்.

திங்கட்கிழமை ஆடிட்டர் போன் செய்தார். "அக்கா, நாற்பது மோட்டாரோட பில் உதைக்குது. உங்ககிட்ட வரி வாங்கினவர் அதை அரசாங்கத்துக்குக் கட்டவே இல்ல."

"யாரு?"

"உங்க தம்பிதான்."

அதன்பிறகு அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கல்லாவில் உட்காருவார், எழுந்து வாசலுக்குப் போவார், திரும்பி வருவார். பைப் கேட்டவருக்கு வால்வை எடுத்துக் கொடுத்தார். பில்லைப் போட்டால் தம்பி மாட்டுவான். விட்டால் மூன்று மாத லாபம் காலி. கணவர் இறந்தபோது கடனுக்குச் சரக்கு அனுப்பிக் கடையைத் தூக்கி நிறுத்தியவனும் அவன்தான்.

புதன்கிழமை காலை, மோட்டார் மொத்த வியாபாரம் செய்யும் தம்பியின் குடோனுக்கே போய்விட்டார்.

"போன வருஷம் கையைக் கடிச்சிடுச்சுக்கா. அப்புறம் கட்டிக்கலாம்னு இருந்தேன்" என்றான் தம்பி, முகத்தைப் பார்க்காமல். "நீ அந்த நாற்பதை மட்டும் விட்டுடு. பின்னால நான் கொடுத்துடறேன்."

"நான் விட்டுடறேன்னே வெச்சுக்கோ. மத்த கடைக்காரங்க? எத்தனை பேர்கிட்ட இப்படி வாங்கியிருக்க?"

அவன் கணக்கு நோட்டைப் புரட்டினான். "பதினாலு."

அக்கா வாசலில் நின்ற லாரியைப் பார்த்தார். "அதை வித்துடு."

"லாரி போனா நான் எப்படிக்கா பிழைக்கிறது?"

"வாடகை வண்டி வெச்சுக்கோ. நாளைக்குள்ள வித்துக் கட்டு. நான் பில்லைப் போடத்தான் போறேன்."

வியாழக்கிழமை லாரி அடிமாட்டு விலைக்குப் போனது. வெள்ளி மதியம் தம்பி அபராதத்தோடு எல்லோருடைய வரியையும் கட்டினான். ஆடிட்டரின் கம்ப்யூட்டரில் அரசாங்கத் தளம் நான்கு முறை நின்றுபோனது. அக்கா நகம் கடித்துக்கொண்டு நின்றார். ஐந்தே முக்காலுக்கு ஒப்புகை வந்தது.

தம்பி ஆறு மாதம் பேசவில்லை. பிறகு ஒருநாள், "சரக்கு வேணுமா?" என்று மட்டும் போனில் கேட்டான். அக்கா வேண்டும் என்றார். ஆனாலும், அவன் வரி கட்டிவிட்டானா என்று மாதாமாதம் ஆடிட்டரைப் பார்க்கச் சொல்கிறார். கேட்டுவிட்டு, கேட்டதற்காக அன்று முழுக்கத் தவிக்கிறார்.