இரண்டு சொட்டு எண்ணெய்

உதிரிபாகக் கடையில் இருபத்திரண்டு வருடமாக ஒரே மேசைக்குப் பின்னால் நிற்கிறார் அவர். வண்டியோட்டிகள் அவருக்கு வைத்த பெயர் சத்த டாக்டர். வருகிறவர்கள் தங்கள் வண்டி எப்படிக் கத்துகிறது என்று வாயால் செய்து காட்டுவார்கள். ஒருவர் கர்ர் என்பார், இன்னொருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு டொக்டொக் என்பார். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, திரும்பி, அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைப்பார். பெரும்பாலும் அதுவே சரியாக இருக்கும். வாசலில் நிற்கும் வண்டியை எட்டிப் பார்க்கும் வழக்கம் மட்டும் அவருக்கு இல்லை.

அவருடைய சொந்தக் காரின் கிளட்ச், மிதிக்கும்போதெல்லாம் கீச்சிட ஆரம்பித்தபோதும் அதே வைத்தியம்தான். குளியலறைக் கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டே அந்தச் சத்தத்தை வாயால் எழுப்பினார், தானே கேட்டார், தானே தீர்ப்பும் சொன்னார். கிளட்சுக்குள் சுற்றுகிற ரிலீஸ் பேரிங் போய்விட்டது. கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும்.

மனைவி முன்னறையில் துணி தைப்பவள். அன்று அளவு கொடுக்க இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். மிஷினில் காலை வைத்தபடியே சொன்னாள்.

“என் மிஷின் பெடலும் காய்ஞ்சு போனா இப்படித்தாங்க கத்தும். ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்களேன்.”

“இது துணி தைக்கிற மிஷின் இல்லம்மா, கார்” என்றார் அவர், அந்தப் பெண்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. அவர்களும் சிரித்தார்கள். மனைவி தலையைக் குனிந்துகொண்டு தையலைத் தொடர்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தான். மனைவியின் தம்பி, சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவன், வாரத்தில் ஒரே நாள் விடுமுறை. முதலில் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாமா மாமா என்று கேட்டான். பேரிங்கே வாங்கி வைத்தாயிற்று, ஓட்டி என்ன பார்க்கப்போகிறாய் என்றார் இவர். மாமா சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்று நினைக்கிறவன் அவன். வீட்டு வாசலிலேயே காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் பழைய டயரைப் போட்டு, மல்லாந்து படுத்துக் கழற்றினான். இவர் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார், பாதி நேரம் தப்பான அளவை. கியர்பாக்ஸ் இறங்கும்போது இவர் பிடி நழுவியதில் மச்சானின் கட்டைவிரல் நசுங்கி நகம் பெயர்ந்தது. சட்டைத் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான்.

வெளியே வந்த பழைய பேரிங்கை விரலில் மாட்டிச் சுழற்றிப் பார்த்தான். “இது நல்லாத்தானே மாமா சுத்துது?”

“கைல சுத்துறப்ப எல்லாம் நல்லாத்தான் சுத்தும்.”

பொழுது சாய்வதற்குள் புது பேரிங்கைப் போட்டு எல்லாவற்றையும் பூட்டினார்கள். நசுங்கிய விரலோடு மச்சான் ஓட்டிப் பார்க்காமலே கிளம்பிவிட்டான்.

திங்கட்கிழமை காலை கடைக்குக் கிளம்பிக் காரில் உட்கார்ந்தார். சாவியைப் போடும் முன்பே பழக்கதோஷத்தில் பெடலை மிதித்தார். கீச். எஞ்சின் ஓடவில்லை. ஓடாத எஞ்சினில் பேரிங் சுற்றாது. சுற்றாத பேரிங் கத்தாது. மேசைக்குப் பின்னால் நின்று எத்தனையோ பேருக்கு அவர் சொல்லியிருக்க வேண்டிய சங்கதி இது. எஞ்சினை அணைத்துவிட்டு மிதித்துப் பார்த்தீர்களா என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. முகம் சுட்டது.

மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். மிஷின் டிராயரிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்துவந்தார். ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து, பெடல் கோத்திருக்கும் இடத்தில் இரண்டு சொட்டு விட்டார். நாலு தரம் மிதித்தார். சத்தம் அடங்கிவிட்டது. தண்ணீர்ச் சத்தமும் நின்றது. குப்பியை அவசரமாக டிராயரில் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

சத்தம் போயிற்றா என்று மச்சான் போனில் கேட்டான். போய்விட்டது என்றார். பொய் இல்லை.

அன்று மாலை மனைவி சொன்னாள்: “நான் என்னமோ தெரியாம சொன்னேன். நல்லவேளை, நீங்க கேக்கல.”

அதற்கு அவர் தலையை மட்டும் ஆட்டினார். அப்போதே சொல்லியிருக்கலாம்.

புதன்கிழமை டிராயரைத் திறந்தவள் அப்படியே நின்றாள். குப்பி சாய்ந்து, மூடி கழன்று, முன்பு அளவு கொடுக்க வந்த பெண்களில் ஒருத்தி கொடுத்த வெளிர்நீலத் துணி முழுக்க எண்ணெய். ஞாபகமே சரியில்லை, மூடியை மூட மறந்திருக்கிறேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். துணிக்காரி வந்து, இத்தனை வருடம் தைக்கிறவள் இப்படியா வைப்பாய் என்று கேட்டபோது, தப்புதான், தப்புதான் என்றாள். அடுத்த அறையில் அவர் பேப்பரின் ஒரே பக்கத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மச்சான் மறுபடி போன் செய்தான். டாக்சி ஓட்டுகிறவர் ஒருவர், அதே கீச், அச்சு அசல் மாமா வாயால் செய்து காட்டிய சத்தம். நாளைக்குக் கியர்பாக்ஸை இறக்கப்போகிறான், பேரிங் ஒன்று எடுத்து வைக்க வேண்டும். டப்பா அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

“இறக்காத. எஞ்சின ஆஃப் பண்ணிட்டு பெடல மிதிச்சுப் பாரு. அப்பவும் கத்துனா ரெண்டு சொட்டு எண்ணெய் விடு” என்றார். பிறகு மிச்சத்தையும் சொன்னார்.

எதிர்முனையில் மச்சான் ஸ்பானரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“அப்ப என் நகம், மாமா?”

பதிலுக்குக் காத்திராமல், “அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க” என்று வைத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் சொன்னார். பெடல், எண்ணெய், குப்பி, மூடி. அவள் மிஷினிலிருந்து காலை எடுத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எனக்கு மறதி வந்துடுச்சுன்னு ரெண்டு நாளா பயந்துட்டு இருந்தேன்” என்றாள். சற்றுப் பொறுத்து, “நாளைக்கு அவங்க ரெண்டு பேரும் வருவாங்க. அவங்க முன்னாடிதானே சிரிச்சீங்க.”

மறுநாள் காலை கடைக்குத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டு முன்னறையில் நின்றார். தைத்த துணிகளுக்கு நடுவே கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கறை பட்டது தன் கையால்தான், காரைப் பற்றி இவள் சொன்னதுதான் சரி, இரண்டையும் சொல்லி முடித்தார். துணிக்காரி அவரையும் மிஷின் மேலிருந்த குப்பியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சத்த டாக்டர்னு சொல்றது உங்களத்தானா?” என்றாள். மற்றவள் சிரித்தாள். அன்று சிரித்த அதே சிரிப்பு.

மனைவி சிரிக்கவில்லை. ஊசியில் நூலைக் கோத்தாள். குப்பியை எடுத்து மூடியை ஒருமுறை அழுத்தித் திருகிப் பார்த்துவிட்டு, டிராயரில் நிமிர்த்தி வைத்தாள்.