அண்ணாந்து குடித்த ஸ்பெயின் ஒயின்

இன்று மாலை துபாயில், வாழ்க்கையில் முதல் முறையாக ஒயின் குடித்தேன்.

அதையும் அண்ணாந்து குடித்தேன்.

(சிரிக்காதீர்கள். முழுதாகப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.)

இரண்டு வருடமாக ஒரு ஹோட்டலின் பேங்க்வெட் ஹாலில் இருக்கிறேன். பெயருக்குத்தான் வெயிட்டர், பாதி நாள் நாற்காலி தூக்கும் வேலை. மாடியில் இருக்கும் ரெஸ்டாரண்டுக்கு எங்கள் ஆறு பேரில் ஒருவரை எடுப்பதாகச் சொன்னார்கள். அதற்கு ஒரு ஒயின் டெஸ்ட். பாஸானால் மாடி, இல்லையென்றால் மறுபடியும் நாற்காலி.

டெஸ்ட் வைக்க வந்தவர் ஸ்பெயின் நாட்டு மேடம். அவர்கள் ஊரில் உயரமான மலைச் சமவெளியில் விளையும் திராட்சையின் சிவப்பு ஒயினைக் கொண்டு வந்திருந்தார். குடித்துப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். (காப்பியடிக்க வழியே இல்லை.)

எனக்கு முன்னால் நாலு பேரும் ‘பிட்டர்’ என்றார்கள். நாலு முறையும் மேடம் இல்லை என்று தலையாட்டினார்.

இரண்டு பேருக்கு ஒரு கிளாஸ். என் ஜோடி தூத்துக்குடி அந்தோணி அண்ணன்.

எனக்குப் பிறகு அண்ணன் குடிக்க வேண்டுமே, எச்சில் படலாமா? பழக்க தோஷத்தில் கிளாஸை உயரத் தூக்கி, அண்ணாந்து மடக்கென்று ஊற்றிக்கொண்டேன். பாதி தொண்டையில், பாதி வெள்ளைச் சட்டையில்.

“என்னல பண்ணுத? இது என்ன பானைத் தண்ணியா?” என்று அண்ணன் பல்லைக் கடித்தார்.

என்ன ருசி என்று மேடம் கேட்டார். எனக்கு இருமல்தான் வந்தது.

நாற்காலிதான் என்று முடிவே செய்துவிட்டேன்.

ஆனால் மேடம் கோபப்படவில்லை. புதிதாக ஒரு கிளாஸ் எடுத்து அவரே ஊற்றினார். மூக்கை உள்ளே விட்டு மோந்து காட்டினார். ஒரு வாய் எடுத்து நாக்கில் புரட்டச் சொன்னார்.

செய்தேன். முதலில் நாவல்பழ வாசனை, பிறகு கொஞ்சம் புளிப்பு. விழுங்கியதும் நாக்கும் ஈறும் இழுத்துப் பிடித்தன.

அட, இது துவர்ப்பு! கசப்பு வேறு, துவர்ப்பு வேறு என்று வாழைப்பூ தின்ற குழந்தைக்குக்கூடத் தெரியுமே.

“அண்ணே, துவர்ப்புக்கு இங்கிலீஷ்ல என்னண்ணே?”

“எனக்கென்னல தெரியும்? துவர்ப்புன்னே சொல்லு.”

சொன்னேன்.

“மேடம், நாட் பிட்டர். துவர்ப்பு.” கன்னத்தை உள்ளே இழுத்து நடித்தும் காட்டினேன்.

மேடத்துக்கு முகமெல்லாம் பல். அதற்குப் பெயர் டானின், திராட்சைத் தோலிலிருந்து வருகிறது என்றார். மலை மேல் பகலில் வெயில் கடுமை, அதனால் தோல் தடிக்குமாம். இரவில் நல்ல குளிர், அதனால் புளிப்பு குறையாதாம். புரிகிறதா என்று கேட்டார்.

புரியாமலா? நான் தங்கியிருப்பது ஷார்ஜா தொழில்பேட்டையில். ரூமில் மற்ற எல்லாருக்கும் கட்டட சைட்டில் வேலை.

“மேடம், சேம் லைக் மை ரூம். டே டைம் சைட், ஃபுல் சன். நைட் டைம் ஏசி. ஏசி மாஃபி, நெக்ஸ்ட் டே மேன் மாஃபி.” (மாஃபி என்றால் இந்த ஊர் அரபியில் ‘இல்லை’.)

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நோட்டை நீட்டி, ‘துவர்ப்பு’ என்பதை இங்கிலீஷ் எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். அந்த மேடத்தை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

மாடி எனக்குத்தான்!

அந்தோணி அண்ணனும் அதே வேலைக்குத்தான் வந்திருந்தார். கையைப் பிடித்துக் குலுக்கி, “சட்டைய இப்பவே ஊறப்போடுல, கறை போவாது” என்று மட்டும் சொன்னார்.

சந்தோஷம் தாங்காமல் காலிங் கார்டு வாங்கி அம்மாவுக்கு போன் போட்டேன்.

“அம்மா, ஒயின் டெஸ்ட்ல பாஸாயிட்டேன்.”

“அப்படின்னா என்னடா?”

“குடிச்சுப் பாத்து, எப்படி இருக்குன்னு சொல்லணும்மா.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கார்டு தீர்ந்துவிட்டதோ என்று பயந்துவிட்டேன்.

கடைசியில் அம்மா பேசினார்.

“போவட்டும் விடு. எதுலயாவது பாஸானியே.”