தெய்வசிகாமணியும் அவருடைய காட்டு அனாசியும்

"சிகாமணி அய்யா செத்துப்பூட்டாரு" என்று ஆபீஸ் பியூன் வந்து சொன்னபோது நான் பில் எழுதிக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ராயபுரத்தில் அவரை அறிந்த நீங்கள் இதைத் தவறாக எண்ணமாட்டீர்கள்.

கப்பல் கம்பெனியின் தலைமைக் குமாஸ்தா தெய்வசிகாமணி எனக்கு மேலதிகாரி, பக்கத்து வீட்டுக்காரரும்கூட. சீமைக்குத் திரும்பிய ஒரு துரைசானி விட்டுப்போன, நடுவில் சிவந்த இலை விடும் புரோமிலியாடுச் செடிகளைத் தமக்கென்றே பிரேசிலிலிருந்து வந்தவை என்று சொல்லிக்கொண்டார். தெருவில் அவற்றுக்குக் காட்டு அனாசி என்று பெயர். பூவரச மர நிழலில் தரையே தெரியாமல் பரப்பினார். மிச்சத்தைத் தார் டின்களில் வைத்தார். யாராவது கிட்டே போனால், "தொடாதே, அழுக்குக் கை" என்பார்.

அந்தச் செடிகளின் நடுக்குருத்து குடுவைபோலத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். அதில் கொசுப்புழு நெளிந்தது. என் மனைவி அமிர்தம் குளிர்ஜுரத்தில் விழுந்தபோது, தண்ணீரைக் கொட்டிவிடச் சொல்லிக் கேட்டேன்.

"கொட்டினா செவப்பு வெளுத்துப்பூடும். ஜுரம் தானா எறங்கும்பா" என்றார்.

சுகாதார இன்ஸ்பெக்டர் தெருவுக்குள் நுழைந்த அன்று, டின்களையெல்லாம் அவசரமாக எங்கள் பக்கம் தூக்கி வைத்துவிட்டார். தரையில் இருந்தவற்றின்மேல் ஓலையைப் போட்டு மூடினார். இன்ஸ்பெக்டர் எங்களைக் கண்டித்தார். மதிலுக்கு அந்தப்புறம் நின்றபடி, "சுத்தமா வச்சிக்கோங்கன்னு நானும் சொல்லிக்கினுதான் கீறேன் சார்" என்றார் இவர்.

கம்பளியைப் போர்த்தியபடி அமிர்தம் எழுந்து வந்தாள்.

"எங்க வூட்லதானே கீது? அப்ப எங்களுதுதான்" என்றாள். ஒவ்வொன்றையும் பிடுங்கித் தெருவில் வீசினாள். ஒவ்வொரு முறையும் அவரைப் பார்த்தாள். தம்முடையவை என்று அவர் வாய் திறக்கவில்லை. இன்ஸ்பெக்டர் போனதும் குப்பைமேட்டில் குனிந்து பொறுக்கினார். "வேர் போனாலும் பொழைச்சிக்கும்" என்று எனக்கே பாடம் சொன்னார். அமிர்தத்துக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. மறுநாள் ஆபீசில், ரசனையில்லாத பெண்பிள்ளைகளைப் பற்றி நெடுநேரம் பேசினார்.

சாவு வீட்டில் அவர் மனைவி எங்களைத் தனியே அழைத்து, "எல்லாத்தையும் எடுத்துகினு போங்க. எனக்குத் துணி காயப்போட எடம் வோணும்" என்றார். அமிர்தம் ஒன்றே ஒன்றை எடுத்துவந்தாள். கிணற்றடி நிழலில் அது இருக்கிறது. நல்ல சிவப்பு. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். அவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லச் சொன்னால், அந்தச் சிவப்பைத்தான் சொல்வேன்.