உப்பளத்து வீட்டில் உப்பில்லாக் கஞ்சி

ராஜாக்கமங்கலம் அளத்தில் உப்புச் சுமக்கிற பொன்னுலிங்கத்திடம் உப்புத் தின்னக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது அவன் சிரித்துவிட்டான். சிரிக்காமல் என்ன செய்வான்? காலில் வெடிப்பு விழுந்ததும் உப்பால், அடுப்பில் பானை ஏறுவதும் உப்பால். கூடப் போன மனைவி நாகம்மைக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நாகர்கோவில் வரைக்கும் அவனை இழுத்துக்கொண்டு போனவளே அவள்தான். வரப்பில் உப்புப் பெட்டியை இறக்கிவிட்டு அவன் நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றதைப் பார்த்த அன்றே கிளப்பிவிட்டாள். அவன் அப்பன் அப்படித்தான் நெஞ்சைத் தடவிக்கொண்டே சாய்ந்தார். அண்ணன் சுடலையாண்டியும் அப்படித்தான், நாற்பதுகூட ஆகவில்லை. ஊரோ அதற்கு வாயு என்று பேர் வைத்து, இஞ்சியும் பூண்டும் தட்டிக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டது. டாக்டர் அவன் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். “ரத்தக்கொதிப்பு ரொம்பக் கூடுதல். பீடி, கருவாடு, உப்பு மூணும் ஆகாது. இல்லன்னா அப்பனுக்கு வந்தது உமக்கும் வரும்” என்றார்.

பீடியை முணுமுணுத்துக்கொண்டே விட்டான். கருவாட்டையும் விட்டான். உப்பில்லாத கஞ்சிதான் தொண்டையில் இறங்க மாட்டேன் என்றது. நாகம்மை அவனுக்கென்று தனிப் பானை வைத்தாள். இரண்டு வாய் குடித்ததும் சட்டியைத் தள்ளிவிட்டான்.

“ஏட்டி, இது கருமாதிக்கு வைக்கிய சோறு. என்னை இப்பவே குழியில எறக்குகியா?”

மறுநாள் அவள் ஒரே பானைதான் ஏற்றினாள். அதிலும் உப்பில்லை.

“இனி எனக்கும் இதுதான். நீங்க தின்னாத உப்பு எனக்க தொண்டையில மட்டும் எறங்குமா?”

அதற்குப் பிறகு அவன் சட்டியைத் தள்ளவில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவளுக்கு இருந்தது அவன் ஒருத்தன்தான். மாசி வரைக்கும் அவன் கை நெஞ்சுப் பக்கம் போகவே இல்லை. எமனையே ஏமாற்றிவிட்டதாக அவளுக்கு நினைப்பு, பாவம்.

பங்குனி வந்தது. மலையாள ராஜ்யத்தை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊரெங்கும் கூட்டம் நடந்த வருஷம். கூட்டம் நடந்தால் அளத்தில் வேலை நிற்குமா? பாத்தியில் வாரிய உப்பை நாகம்மையும் நாளெல்லாம் சுமந்தாள். உடம்பிலிருந்த உப்பெல்லாம் வேர்வையாகப் போக, உள்ளே போனதோ வெறும் கஞ்சி. கெண்டைக்கால் இழுத்தது, கண் இருட்டியது. அவனிடம் மூச்சுவிடவில்லை, பெரிய கெட்டிக்காரி! ஒருநாள் உச்சிவெயிலில் பெட்டியோடு குப்புற விழுந்தாள். பொன்னுலிங்கத்தின் தங்கை ரத்தினம் பக்கத்தில் சுமந்துகொண்டிருந்தவள் ஓடிவந்து, தன்னுடைய உப்புப் போட்ட நீராகாரத்தை அவள் வாயில் ஊற்றினாள்.

“அண்ணா, மதினி ஒனக்கு முந்தியே போயிருவா பாத்துக்க” என்று, பதறி வந்த பொன்னுலிங்கத்திடம் அங்கேயே அழுதாள்.

சாயங்காலம் பொன்னுலிங்கம் கெஞ்சினான். “நீ உப்புப் போட்டுத் தின்னு புள்ள.”

“நீங்க தின்னாம நான் தின்ன மாட்டேன்.”

அவன் உப்புச் சட்டியில் கையைவிட்டு ஒரு பிடி அள்ளினான். கஞ்சிப் பானையில் போட்டுக் கலக்கி, முதலில் தான் குடித்தான். பிறகு அவளிடம் நீட்டினான்.

“இப்பம் தின்னு.”

பானையை அவள் தட்டிவிட்டிருக்கலாம். ஆனால் உப்புக்கு ஏங்கிக் கிடந்த உடம்பு கேட்கவில்லை, குடித்துவிட்டாள். அன்று முதல் வீட்டில் ஒரே பானை, உப்புப் போட்ட பானை. இரண்டு பானை வைத்திருந்தால் இரண்டு உயிரும் தங்கியிருக்கும். அந்தப் புத்தி இரண்டு பேருக்கும் வரவில்லை. அவ்வளவு பிரியமாக இருந்து என்ன பிரயோஜனம்? எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆறவில்லை.

ஆடியில் அவன் அதே வரப்பில் பெட்டியை இறக்கிவைத்தான். நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்தான். நாகம்மை ஓடிப்போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்து வந்தபின் ரத்தினம் கஞ்சி கொண்டுவந்தாள். மதினி உப்பைக் கண்டாலே வீசியெறிவாள் என்று பயந்து, உப்புப் போடாமல் காய்ச்சியிருந்தாள். நாகம்மை ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“உப்பு எடுத்துட்டு வா.”

“மதினி…”

“நான் திங்கணும்னுதானே அவரு தின்னாரு.”

கல்லுப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினாள். அழுதுகொண்டே சட்டி காலியாகும்வரை குடித்தாள்.