நிலவறைக் குளத்துச் சிவகலா

யாருடன் பேசிக்கொண்டிருந்தாலும் சிவகலாவின் விரல்கள் எதிரில் நிற்பவரின் சட்டைக் கையைத் தடவத் தொடங்கிவிடும். பேச்சு தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கும். பெருவிரலும் சுட்டுவிரலும் துணியைப் பிடித்து நெருடி, இழையின் இறுக்கம் பார்த்து, கடைசியில் விட்டுவிடும். "கழுவினாச் சுருங்கும்" என்று நடுவில் ஒரு தீர்ப்பும் வரும். சுவிட்சர்லாந்தின் லாங்கன்தாலில், விமான இருக்கைகளுக்குத் துணி நெய்யும் தொழிற்சாலை ஒன்றில் நெசவுப் பிழை பார்ப்பது அவர் வேலை. வேலை முடிந்து கிராமத்துக்குப் பஸ் ஏறிய பிறகும் விரல்கள் ஓய்வதில்லை. தபால்காரரின் மழை அங்கி, பல் வைத்தியரின் வெள்ளைச் சட்டை, கிராமத் தலைவரின் கம்பளிக் கோட்டு, எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. முதல் தடவை திடுக்கிட்டவர்கள் அடுத்த தடவை தாங்களாகவே கையை நீட்டுகிறார்கள்.

ஐம்பதைத் தாண்டிவிட்டார். குள்ளம், தோள் மட்டும் அகலம். கூந்தலில் நல்லெண்ணெய் மணமும் குளோரின் மணமும் சேர்ந்து வரும். அந்த இரண்டாவது மணத்துக்காகவே ஊரிலுள்ள தமிழர்கள் அவருக்குக் குளத்தக்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "வைக்கட்டும். கிணத்தக்கா எண்டு வைக்கேல்லைத்தானே" என்பார்.

அவருடைய குளம் பள்ளிக்கூடத்தின் நிலவறையில் இருக்கிறது. பிள்ளைகள் நீந்திப் பழகட்டும் என்று எழுபதுகளில் கிராமம் கட்டியது. பச்சை ஓடு, தாழ்ந்த கூரை, ஆழமான மூலையிலும் நெஞ்சளவுக்கு மேல் போகாத தண்ணீர். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அது பெண்களுக்கு. எரித்திரேயா, கொசோவோ, ஆப்கானிஸ்தான், யாழ்ப்பாணம் என்று பல திசைகளில் இருந்து வந்தவர்கள் இறங்குவார்கள். முழங்கால் வலியோடு சுவிஸ் மூதாட்டிகளும் இறங்குவார்கள். சிலர் நீச்சல் உடை, சிலர் முழுக்கை மேலாடை, ஒருவர் கணவரின் பழைய உதைபந்தாட்டச் சட்டை. சிவகலா கரையில் நின்று சொல்லிக்கொடுப்பவர் அல்ல. நடுத் தண்ணீரில் நிற்பார். முகத்தை உள்ளே வைத்து மூச்சை விடப் பயப்படுகிறவர்களுக்கு அவரிடம் ஒரே வைத்தியம்தான்.

"தண்ணிக்குள்ள கதையுங்கோ. மாமியைப் பேசுறதெண்டாலும் பேசுங்கோ, ஒருத்தருக்கும் கேக்காது."

இதையே பேர்ன் வட்டாரத்து ஜேர்மனிலும், அரைகுறை அல்பேனிய மொழியிலும், கைச்சாடையிலும் சொல்வார். மறு நிமிடம் குளம் முழுக்கக் குமிழிகள் கொதிக்கும். எழுபது வயது சுவிஸ் பெண்மணி ஒருவர் எல்லாரையும்விட நீளமாகக் குமிழி விட்டு எழும்புவார். அவருடைய மாமியார் இறந்து வெகுகாலமாகிறது.

இதே சிவகலா 2009ஆம் ஆண்டுக் கோடை வரை கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை.

அந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்களுடைய அடுக்குமாடியில் இருந்தவர்கள் எல்லாரும் ஆரே ஆற்றங்கரைக்குப் போயிருந்தார்கள். இறைச்சி சுட்டுச் சாப்பிடுவதாக ஏற்பாடு. மேல்மாடி ஷ்ப்ரேசாவும் வந்திருந்தார். கொசோவோப் பெண், சிவகலாவின் வயதுதான். இருவருக்கும் வசந்த காலத்திலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. கட்டடத்துக்குப் பொதுவான துணி துவைக்கும் அறையில் யாருக்கு எந்த நாள் என்பதில் தொடங்கிய சண்டை, ஷ்ப்ரேசாவின் ஈரப் போர்வைகளைச் சிவகலா எடுத்துக் கூடையில் எறிந்ததோடு முற்றிப்போயிருந்தது. ஆற்றங்கரையில் ஒருவர் இந்த மேசை, மற்றவர் அந்த மேசை.

சிவகலாவின் மகள் யாதவிக்கு அப்போது ஆறு வயது. பாசி பிடித்த கல்லில் கால் வைத்தாள், வழுக்கினாள், ஆறு இழுத்துக்கொண்டது. கணவர் தவராஜா கரையோரமாக ஓடினார். சிவகலா நின்ற இடத்திலேயே நின்று கத்தினார். கால்கள் அசையவில்லை. தண்ணீரில் மகளின் சிவப்புச் சட்டை போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தபடி, தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு நின்றார். ஷ்ப்ரேசா சாப்பாட்டுத் தட்டை வைத்த வேகத்தில் உடுத்திருந்த உடுப்போடு பாய்ந்தார். வளைவில் வைத்துப் பிள்ளையைப் பிடித்தார். கரைக்கு வந்ததும் யாதவி தண்ணீரைக் கக்கினாள். பிறகு ஒற்றைச் சப்பாத்தைக் காணவில்லை என்று அழுதாள். அவள் அழுத பிறகுதான் சிவகலாவுக்குக் கால் வந்தது.

அன்று மாலை சிவகலா மேல்மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினார். நன்றி என்ற சொல் வாயில் வரவில்லை. செவ்வாய்க்கிழமைத் துவைப்பு நாளை இனி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்ல முடிந்தது. ஷ்ப்ரேசா சிரிக்கவில்லை. நாள் எனக்கு வேண்டாம், வெள்ளிக்கிழமை என்னோடு பள்ளிக்கூடத்துக் குளத்துக்கு வா என்றார்.

போனார். முதல் மாதம் முழுவதும் விளிம்புக் கம்பியை விடவில்லை. விட்ட நாளில் மூழ்கி, இருமி, எழும்பி, மறுபடியும் விட்டார். அடுத்த வருடம் குளத்தை அகலப்பாட்டில் நீந்திக் கடந்தார். அதற்கு அடுத்த வருடம் ஆரேயிலேயே இறங்கினார். உயிர்காப்புப் பரீட்சையில் முதல் தடவை தோற்று, மறு தடவை தேறினார். அதன்பின் இரு பெண்களும் சேர்ந்து வெள்ளிக்கிழமை வகுப்பைத் தொடங்கினார்கள். பஸ் தரிப்பிடத்திலும் பள்ளிக்கூட வாசலிலும் நின்று பெண்களைப் பிடித்து வருவது சிவகலாவின் பொறுப்பு. அவரிடம் அகப்பட்டால் தப்ப முடியாது. சட்டைக் கை அவர் விரல்களுக்குள் அல்லவா இருக்கிறது.

2014இல் சுவிஸ் குடியுரிமை பெற்றார். தவராஜா விண்ணப்பிக்கவில்லை. நிரந்தரமாகத் தங்க சீ விசா போதும் என்று இருந்துவிட்டார். ஷ்ப்ரேசாவும் அதே விசாவோடுதான் இருந்தார்.

2016 இலையுதிர் காலத்தில் கிராமசபையின் அறிவித்தல் வீடுகளுக்கு வந்தது. குளத்துச் சுவரில் நீர் கசிகிறது, வெப்பமூட்டி பழுது, திருத்துவது பெரும் செலவு. எனவே குளத்தை மூடிச் சாமான் அறையாக மாற்ற உத்தேசம். டிசம்பரில் நடக்கும் ஊர்க்கூட்டத்தில் வாக்குரிமை உள்ள சுவிஸ் குடிமக்கள் கை உயர்த்தித் தீர்மானிப்பார்கள்.

சிவகலா வாசித்துவிட்டுச் சப்பாத்தைப் போட்டார். தவராஜா வாசலில் மறித்தார்.

"வேலை இருக்கு, வீடு இருக்கு. இருக்கிற இடத்தில சத்தம் போடாமல் இரும்."

"அண்டைக்கு ஆத்தங்கரையில சத்தம் மட்டும்தான் போட்டனான், இஞ்சருங்கோ. இனிச் சத்தத்தோட நிக்கமாட்டன்."

வேலை முடிந்த பின்னேரங்களில் வீடு வீடாக ஏறினார். கதவைத் திறந்த சிலர் ஏதோ விற்க வந்திருக்கிறார் என்று நினைத்தார்கள். ஒருவர், வீடு துப்புரவாக்க ஆள் தேவையில்லை என்று பணிவாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். சிவகலா மறுபடி மணியை அழுத்தி, தானும் இந்த ஊரில் வாக்குள்ளவர் என்று அதே பணிவோடு சொன்னார். அரைமணி நேரம் கழித்து அந்த வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரரின் கம்பளிச் சட்டை நல்ல சாமான் என்று அவருக்குச் சான்றும் கொடுத்தார்.

அவர் எதிர்பாராத இடத்தில்தான் தயக்கம் வந்தது. ஊரில் குடியுரிமை எடுத்த தமிழ்க் குடும்பங்கள் சில இருந்தன. அதுவரை ஒருவரும் ஊர்க்கூட்டத்தின் வாசலை மிதித்ததில்லை. அவர்களை ஒருமிக்கப் பிடிக்க ஏற்ற இடம் பேர்ன் நகரின் ஐரோப்பாப்பிளாட்ஸ் சதுக்கத்துச் சைவக் கோயில்தான் என்று ஞாயிற்றுக்கிழமை போய்ச் சப்பாத்துக் கழற்றும் இடத்தில் நின்றுகொண்டார். எங்களுக்கேன் அக்கா இந்த வில்லங்கம் என்று நழுவப் பார்த்தார் சிறீதரன் என்ற இளைஞர். இங்கே பிறந்தவர், வங்கியில் வேலை.

"அரோகராவுக்குத் தூக்கிற அதே கைதான், தம்பி. ஒருக்காக் கூட்டத்திலயும் தூக்கிப்போட்டுப் போங்கோ."

ஊர்க்கூட்டம் பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் நடந்தது. கதிரை வரிசைகள் நிரம்பி, பின்னால் சிலர் நின்றார்கள். வாக்கு இல்லாதவர்கள் பக்கச் சுவரோரம் வாங்குகளில் தனியாக உட்கார வேண்டும் என்பது விதி. அங்கே ஷ்ப்ரேசாவும் வெள்ளிக்கிழமைப் பெண்களும் நெருங்கி அமர்ந்திருந்தார்கள். வரமாட்டேன் என்ற தவராஜா கடைசி ஆளாக வந்து அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சிவகலா மட்டும் நடு வரிசையில், ஊதா நிறச் சேலைக்கு மேல் குளிர் அங்கியோடு.

நிதிக்குப் பொறுப்பான சபை உறுப்பினர் திரையில் படம் காட்டி விளக்கினார். கசியும் சுவர், துருப்பிடித்த குழாய். அவர் நிதானமாகச் சொன்ன விதத்தில் சிவகலாவுக்கே ஒரு கணம் நியாயமாகத்தான் பட்டது. பிறகு வயல் வைத்திருக்கும் ஒரு கமக்காரர் எழுந்தார். அவர் குரலில் பகை எதுவும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளை லாங்கன்தாலுக்குப் பஸ்ஸில் அனுப்பலாம், மற்றப்படி இப்போது அந்தக் குளத்துக்குப் போவது பெரும்பாலும் வெளியாட்கள்தானே என்றார்.

சிவகலா கை உயர்த்தி, ஒலிவாங்கி வரை நடந்தார். பெயரைச் சொன்னார்; பழைய வெதுப்பகத்துக்கு மேலே குடியிருப்பதைச் சொன்னார். பிறகு மண்டபத்தைப் பார்த்து, அந்தக் குளத்தில் நீந்தப் பழகியவர்கள் எல்லாரும் கை உயர்த்துங்கள் என்று கேட்டார். இன்னும் வாக்கெடுப்பு தொடங்கவில்லை என்று கிராமத் தலைவர் குறுக்கிட்டார். தெரியும், நீங்கள் எண்ண வேண்டாம், பார்த்தால் போதும் என்றார் சிவகலா. எங்கோ சிரிப்பு எழுந்தது. முதலில் பின்வரிசையில் ஒரு கை. அதன் பிறகு வரிசை வரிசையாக, இளம் கைகள், நடுங்கும் கைகள், தடித்த விரல் கைகள். கமக்காரரும் உயர்த்தினார். மேசையில் இருந்த தலைவர் தன் பேனாவைப் பார்த்தார்; பிறகு பேனாவோடேயே கையை உயர்த்தினார்.

சிவகலா பேர்ன் ஜேர்மனில் பேசியதைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்.

"என்ர மகள் ஆறு வயசில ஆரேயில விழுந்தவ. நான் கரையில நிண்டு கத்தினன். எனக்கு நீந்தத் தெரியாது. அந்தா இருக்கிறா ஷ்ப்ரேசா, அவதான் பாஞ்சு தூக்கினவ. அவவுக்கு இண்டைக்கு இஞ்ச வாக்கில்லை. அதால அவவுக்காகவும் சேர்த்து நான் கேக்கிறன். குளத்தைத் திருத்துங்கோ. மூடாதேங்கோ."

இதை மாற்றுப் பிரேரணையாக எடுத்துக்கொள்ளலாமா என்று தலைவர் கேட்டார். "ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டு, உடனே ஜேர்மனிலும் சொன்னார்.

வாக்கெண்ணுபவர்கள் வரிசைகளுக்கிடையே நடந்தார்கள். மூட வேண்டும் என்ற கைகள் முதலில் எழுந்தன. அவை சிவகலா நினைத்ததைவிட அதிகம். பிறகு மற்றக் கைகள். சிறீதரன் மனைவியோடு வந்திருந்தார். இரண்டு கைகளும் நேராக மேலே நின்றன. கதவைச் சாத்தியவரின் கை, முழங்கால் வலிக்கார மூதாட்டிகளின் கைகள். கமக்காரர் இரண்டு தடவையும் கையை மடியிலேயே வைத்திருந்தார். தாளில் கூட்டி, ஒருவருக்கொருவர் காட்டி, தலைவரிடம் கொடுத்தார்கள். ஒன்பது வாக்குகளால் குளம் தப்பியது.

சுவரோர வாங்கு பொங்கியது. வாக்கு இல்லாதவர்கள் கூட்டத்தில் சத்தமிடக் கூடாது. தலைவர் மணியைக் கையில் எடுத்தார், அடிக்கவில்லை. எரித்திரேயப் பெண் ஒருவர் குலவையிட்டார். மண்டபமே திரும்பிப் பார்த்து, பிறகு கைதட்டியது. தவராஜா எழுந்து நின்று, யாரோடு சந்தோஷப்படுவது என்று தெரியாமல், பக்கத்தில் இருந்த ஷ்ப்ரேசாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். சிவகலா முகத்தை முந்தானையால் ஒரு தரம் அழுத்தித் துடைத்தார்.

பெண்கள் மெல்ல எழுந்து வாசலுக்கு நகர்ந்தார்கள். வெளியே பனி தூவத் தொடங்கியிருந்தது. கொண்டாட, ஒரு பெரிய சட்டி நிறைய ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஷ்ப்ரேசா கதவருகில் நின்று, வா என்று கையசைத்தார். தவராஜாவும் கண்ணால் கூப்பிட்டார். வந்த வேலை முடிந்ததென்று வாக்குள்ளவர்களிலும் சிலர் அங்கியை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் அடுத்த விடயத்தை வாசித்தார். கீழ்த்தெருவின் கழிவுநீர்க் குழாயை மாற்றுவது பற்றியது. ஏதாவது கேள்வி உண்டா என்று வழக்கம்போல் கேட்டு, பதிலை எதிர்பாராமல் தாளைப் புரட்டினார்.

சிவகலா கதவுப் பக்கம் பார்த்து, கொஞ்சம் பொறுங்கள் என்று இடது கையால் சைகை காட்டினார். வலது கையை உயர்த்தினார்.